கறுத்த வடிதாள்

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் காற்றிலுள்ள தூசியை நிறுப்பது என் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான வெள்ளை வடிதாளை ஒரு நாள் முழுவதும் மாறாத வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைத்திருந்து, இடுக்கியால் எடுத்து, மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் நிறுத்த பின்பே களத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே கருவி நிமிடத்துக்கு ஏறத்தாழ 16.7 லீற்றர் வீதம் 24 மணித்தியாலம் காற்றை இழுக்கும்; மொத்தம் 24 கனமீற்றர். திரும்பிவரும் தாளில் கூடியிருக்கும் எடையை 24ஆல் வகுத்தால், பிஎம் 2.5 எனப்படும் நுண்தூசியின் அன்றைய அளவு கிடைக்கும். 2008ஆம் ஆண்டு வர்த்தமானி விதித்த நாளாந்த எல்லை கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம். அந்த எல்லையைத் தொடும் நாளில்கூடத் தாளில் கூடுவது 1.2 மில்லிகிராம் மட்டுமே. அந்தச் சிறு எடை தவறிவிடக் கூடாது என்ற கவனம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் நான் செய்த பெரிய பிழை தராசில் நேர்ந்ததன்று.

கண்டி நகரிலுள்ள ஒரு பாடசாலைக்கு முதன்முதலாகக் கருவிகளைக் கொண்டுபோனது ஒரு ஜனவரி மாதத்தில். கொழும்பில் பழகியவனுக்குக் கண்டியின் காற்று புதிது. இங்கே பகலில் கடற்காற்று வீசத் தொடங்கினால் புகை நகர்ந்துவிடும். கண்டியோ ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை முதலிய மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் நகரம். ஜனவரி முதல் மார்ச் வரை முகிலில்லாத இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர, குளிர்ந்து கனத்த காற்று மலைச்சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தங்கிவிடும். அதற்கு மேலே வெப்பமான காற்று நிற்கும். வெப்பநிலை நேர்மாறல் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். விடியற்காலையில் பஸ்களும் பாடசாலை வான்களும் விறகடுப்புகளும் விடும் புகைக்கு அப்போது மேலே போக வழியில்லை. வெயில் ஏறி நிலம் சூடான பின்புதான் அந்த அடுக்கு கலையும். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால், அதே வாகனங்கள் அதே தெருவில் ஓடினாலும், காற்றும் மழையும் புகையை அப்படித் தங்க விடுவதில்லை.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் தவறினேன். வடிதாள் கருவிக்குப் பக்கத்தில், நிமிடத்துக்கு நிமிடம் அளவைக் காட்டும் ஒளியுணரி ஒன்றும் வைத்திருந்தோம். அது காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் செங்குத்தாக ஏறி, நண்பகலுக்குள் இறங்கியது. இவ்வகை உணரிகள் பனித்துளியையும் தூசியாக எண்ணிவிடும் என்பது உண்மை. நாள் முழுவதுக்குமான சராசரியும் எல்லைக்குள்ளேயே இருந்தது. எனவே, "காலை நேர உயர்வு ஈரப்பதத்தால் ஏற்பட்டது" என்று அறிக்கையின் அடிக்குறிப்பில் எழுதினேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்த ஜனவரியில் அதே பாடசாலையின் மேல்மாடியில் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, அங்கே துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் ஜன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளத்தில் வெள்ளையாகத் தேங்கி நின்றதைப் பார்த்து, "இன்றைக்குப் பனி அதிகம்தானே அம்மா?" என்றேன். அவர் கையிலிருந்த துணியை விரித்துக் காட்டினார்.

"பனியைத் துடைச்சா துணி கறுக்குமா தம்பி?"

அன்றிரவு நான் நன்றாகத் தூங்கவில்லை. கேட்கவேண்டிய கேள்வி அதுவே, கேட்டிருக்கவேண்டியவன் நான். மறுநாள் இரண்டு கருவிகளின் நேரத்தை மாற்றி அமைத்தேன். ஒன்று காலை 6 முதல் 9 வரை மட்டும், மற்றது பிற்பகல் 1 முதல் 4 வரை மட்டும், ஒரே தாளில் எட்டு நாட்கள் இழுக்க வேண்டும். எட்டு நாட்களின் மூன்று மணித்தியாலங்கள் சேர்ந்தால் 24 ஆகும். இரண்டு தாள்களிலும் ஒரே அளவு காற்று. கொழும்புக்குக் கொண்டுவந்து, வழக்கம்போல உலர்ந்த அறையில் ஒரு நாள் வைத்தேன். பனியின் நீர் அங்கேயே போய்விடும்; எஞ்சுவது தூசி மட்டும். பிற்பகல் தாள் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. காலைத் தாளின் நடுவட்டம் விளக்குக் கரியைப் போலக் கறுத்திருந்தது. தராசில் வைக்கும் முன்பே விடை தெரிந்துவிட்டது, என்றாலும் மூன்று தடவை நிறுத்தேன்.

உணரி ஈரத்தால் சற்றுக் கூட்டிக் காட்டியதும் உண்மைதான். ஆனால் அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மையை நான் மூடிவிட்டேன். நாளாந்தச் சராசரி என்பது இருபத்துநான்கு மணித்தியாலமும் ஒரே இடத்தில் இருந்து மூச்சுவிடும் ஒருவருக்கானது. பிள்ளைகளோ நகரின் காற்று மிக மோசமாக இருக்கும் நேரத்திலேயே தெருவில் நடக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் நாளாந்த வழிகாட்டல் அளவை 15 மைக்ரோகிராமாகக் குறைத்திருக்க, 50ஐத் தாண்டவில்லை என்று நான் நிம்மதி அடைந்ததும் சரியன்று.

பழைய அறிக்கையின் அடிக்குறிப்பைத் திருத்தும்படி எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி காரணம் கேட்டபோது இரண்டு தாள்களையும் அவருடைய மேசையில் வைத்தேன். அவர் நெடுநேரம் அவற்றையே பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார். புதிய அறிக்கையில் காலைக்கும் பிற்பகலுக்கும் தனித்தனி நிரல்கள் வந்தன. அதைப் படித்த பாடசாலை அதிபர், அந்த மூன்று மாதங்களுக்கும் காலை ஓட்டப் பயிற்சியைப் பிற்பகலுக்கு மாற்றினார். பிள்ளைகள் நடந்து வரும் நேரத்தை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. மணி 7.30க்கே அடிக்கிறது.