376 கோடி பைட் வணக்கம்

“லாகின் ஆக மாட்டேங்குது தம்பி.”

வாடகை சர்வர்களில் சின்னச் சின்ன வலைத்தளங்களை ஓட்டிக்கொடுப்பது என் பிழைப்பு. ஒரு பதிப்பகம், ஒரு நாட்டு மருந்துக் கடை, ஒரு பழைய மாணவர் சங்கம் என்று பத்துப் பன்னிரண்டு தளங்கள் தேறும். எல்லாம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுபவை. படங்களையும் பிடிஎஃப்களையும் அவர்களே ஃபைல்ஜில்லா என்ற மென்பொருளை வைத்து, கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்எஃப்டிபி முறையில் ஏற்றிக்கொள்வார்கள். தளம் விழுந்துவிட்டது என்று வரும் போன்களைவிட இந்த ஒற்றை வரியோடு வரும் போன்கள்தான் அதிகம்.

ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது. பாதி நேரம் அது பலித்தும் விட்டதால், மேற்கொண்டு யோசிக்கத் தோன்றவில்லை.

பதிப்பகத்தில் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டார். புத்தகக் கண்காட்சிக்கு நான்கு நாள் இருந்தது. பதினெட்டு அட்டைப் படங்களை ஏற்றியாக வேண்டும்.

“என்னக்கா எரர் காட்டுது?”

“ஏதோ இங்கிலீஷ்ல சிவப்பா வருது தம்பி. பாஸ்வேர்ட் தப்பு போல.”

மாற்றிக் கொடுத்தேன். சிவப்பு. எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டி இன்னொன்று கொடுத்தேன். சிவப்பு. மூன்றாவது முறை, குறிகள் எண்கள் எதுவும் இல்லாமல் குழந்தைகூட யூகிக்கிற மாதிரி ஒன்றை வைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அதற்கும் சிவப்புதான்.

அப்புறம்தான் யார் எப்போது நுழைந்தார் என்று சர்வர் எழுதிவைக்கும் ஆத் லாகைத் திறந்து பார்க்கவே தோன்றியது. அக்காவின் பயனர் பெயருக்கு நேரே ‘அக்செப்டட் பாஸ்வேர்ட்’ என்று வரிசையாக இருந்தது. முதல் முயற்சியிலேயே பாஸ்வேர்ட் சரி. ஒவ்வொரு ‘அக்செப்டட்’ வரிக்கும் கீழே, அதே நொடியில், இன்னொரு வரி: ச்ரூட் டைரக்டரியின், அதாவது அவர் நுழைய வேண்டிய கோப்புறையின், உரிமையும் அனுமதியும் சரியில்லை என்று சொல்லி இணைப்பை அறுத்திருந்தது. அக்காவை வாசலில் சரிபார்த்து, உள்ளே விட்டு, அறைக்குள் கால் வைக்கும் முன் வெளியே தள்ளியிருக்கிறது.

குற்றவாளி நான்தான். முந்தைய நாள் வேர்ட்பிரஸில் ஒரு பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) புதுப்பிக்கப் போனபோது எஃப்டிபி (கோப்பு அனுப்பும் பழைய முறை) விவரம் கேட்டு ஒரு பெட்டி வந்தது. கோப்புகளில் தானாக எழுத அதற்கு உரிமை இல்லாவிட்டால் அப்படித்தான் கேட்கும். சரி, உரிமையைக் கொடுத்துவிடுவோம் என்று தளத்தின் மேல் கோப்புறையிலிருந்து அடிவரை எல்லாவற்றையும் வெப் சர்வரின் பெயருக்கு மாற்றிவிட்டேன். பிளகின் புதுப்பித்துக்கொண்டது. நானும் டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆனால் அந்த மேல் கோப்புறைதான் அக்காவுக்கான ச்ரூட். அதாவது, உள்ளே வந்தால் சர்வரில் அதைத் தாண்டி எதுவும் அவர் கண்ணில் படாதபடி அடைத்து வைத்த அறை. அந்த அறையும், அதற்குப் போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு கோப்புறையும் சர்வரின் முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் பெயரில்தான் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அதில் எழுத அனுமதி இருக்கக்கூடாது என்பது சர்வரின் வாசலைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் சட்டம். வெறும் பிடிவாதம் என்று அன்று திட்டினேன். பிறகு யோசித்தால் நியாயம் புரிகிறது. அறைக்குள் அடைபட்டவருக்கு அங்கேயே எழுத உரிமை இருந்தால், ‘இடிசி’, ‘லிப்’ என்று சிஸ்டம் கோப்புறைகளின் பெயரிலேயே போலிக் கோப்புறைகளைச் செய்துவைத்து, ரூட் அதிகாரத்தில் ஓடும் நிரல்களை ஏமாற்றப் பார்க்கலாம். மேல் கோப்புறையை ரூட்டுக்கே திருப்பிவிட்டு, அக்கா எழுத உள்ளே ஒரு கோப்புறை கொடுத்தேன். இரண்டு கட்டளை. பதினெட்டு அட்டையும் ஏறின. பாஸ்வேர்டை மறுபடி மாற்றியது தனிக் கதை.

அன்றிலிருந்து போனில் யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன். நேரே லாக். இது பெரும்பாலும் கைகொடுத்தது. மாணவர் சங்க அலுவலகத்தில் ஒருநாள் யாருக்குமே லாகின் ஆகவில்லை, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மட்டும் ஆனது. யாரோ ஒருவர் பழைய பாஸ்வேர்டைச் சேமித்துவைத்து விடாமல் கிளிக் செய்ததில், தவறான முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் நிரல் அந்த அலுவலகத்தின் ஐபி முகவரியையே தடுத்திருந்தது. பத்து நிமிடத்துக்குள் ஐந்து தவறு, பத்து நிமிடத் தடை என்பது அதன் இயல்பான கணக்கு. தடை தானாக நீங்கும். அவர் மறுபடி கிளிக் செய்வார், மறுபடி தடை. இன்னொரு சர்வரின் இயங்குதளத்தை உபுண்டு 22.04க்கு ஏற்றிய மறுநாள், ஒரு வடிவமைப்பாளர் பாஸ்வேர்டுக்குப் பதில் வைத்திருந்த சாவிக் கோப்பு செல்லாமல் போனது. ஓப்பன்எஸ்எஸ்எச் 2021இல் வந்த 8.8 பதிப்பிலேயே ஷா-1 என்ற பழைய முறைக் கையொப்பத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியிருந்தது. அவருடைய பழைய மென்பொருளுக்கு அந்தக் கையொப்பம் மட்டும்தான் தெரியும். சாவியில் குறையில்லை, மென்பொருளைப் புதுப்பித்ததும் அதே சாவி திறந்தது.

லாக்கில் சுவடே இல்லாத வழக்குகளில் பாதி, போர்ட் என்ற வாசல் எண்ணில் எஸ்எஃப்டிபியின் 22க்குப் பதில் எஃப்டிபியின் 21 போடுவதால் வருபவை. பெயரால் வரும் குழப்பம் இது. எஃப்டிபியின் முதல் வரையறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போனவர். அதில் பாஸ்வேர்ட் எல்லோரும் படிக்கும்படி அப்படியே போகும். பின்லாந்தில் தன் பல்கலைக்கழகமான ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்த டாட்டு யூலோனன் 1995இல், பேச்சு முழுவதையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதினார். எஃப்டிபியின் 21க்கும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் பழைய முறையான டெல்நெட்டின் 23க்கும் நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். எஸ்எஃப்டிபி அந்த எஸ்எஸ்எச்சுக்குள் ஓடுவது. எஃப்டிபியோடு அதற்குப் பெயரில்தான் உறவு, பங்காளிகூடக் கிடையாது.

இப்படி லாக்கை நம்பியே காலம் தள்ளிய என்னை மருந்துக் கடை அண்ணாச்சி மடக்கினார். திங்கட்கிழமைதோறும் விலைப்பட்டியலை அவரே ஏற்றுவார்.

“போன வாரம் வரைக்கும் ஓடிச்சே தம்பி. இப்ப உள்ளயே விட மாட்டேங்கான்.”

லாக்கைப் பார்த்தேன். பாஸ்வேர்ட் ஏற்கப்பட்டது. எஸ்எஃப்டிபி கேட்கப்பட்டது, தொடங்கியது. பிறகு அமர்வு முடிந்தது. ஒரு குறையும் இல்லை. அதே பயனராக எஸ்எஸ்எச்சில் நுழைந்து பார்த்தேன், வழவழவென்று போகிறது. “எனக்கு வருதே அண்ணாச்சி” என்றேன். எதிர்முனையில் ஒரு கனத்த மௌனம். நியாயமான மௌனம்தான். நான் நுழைந்தது எஸ்எஸ்எச்சில், அவர் கேட்டது எஸ்எஃப்டிபி.

ஃபைல்ஜில்லாவை விட்டுவிட்டு, டெர்மினலில் எஸ்எஃப்டிபி கட்டளையையே அடித்தேன். வந்த பதில்: ‘ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 3769546208’.

வந்த செய்தி மிக நீளமாம். 376 கோடியே 95 லட்சம் பைட். ஓப்பன்எஸ்எஸ்எச்சின் எஸ்எஃப்டிபி ஒரு பொட்டலத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே 256 கேபி. வேறு வழி தோன்றாமல் அந்த எண்ணை ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில், மாற்றிப் பார்த்தேன். ஈ0 ஏஈ பி5 ஈ0.

தமிழ் எழுத்துருச் சிக்கல்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு ஈ0 ஏஈ என்ற ஜோடி பழகிய முகம். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அதில் பாதிக்கு மேல் அப்படித்தான் தொடங்கும். ஈ0 ஏஈ பி5 என்றால் ‘வ’. நான்காவது பைட் அடுத்த எழுத்தின் தலை. எஸ்எஃப்டிபியில் எதிர்முனை அனுப்பும் முதல் நான்கு பைட்டுகள் வரப்போகும் செய்தியின் நீளம். அந்த இடத்தில் சர்வர் ‘வ’ என்று ஏதோ பேச ஆரம்பித்திருக்கிறது, கேட்டவன் அதை எண்ணாக எடுத்துக்கொண்டான்.

கட்டளைகளை ஏற்று நடத்தும் பேஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும், அந்தப் பயனரின் பேஷ்ஆர்சி கோப்பைத் திறந்தேன். முதல் வரியிலேயே, திரையில் காட்டச் சொல்லும் கட்டளை இருந்தது: எக்கோ “வணக்கம்!”

என்னோடு புதிதாகச் சேர்ந்திருந்த தம்பியின் வேலை. டெர்மினலில் தமிழ் தெரிகிறதே என்ற பூரிப்பில், உள்ளே வருபவரை வரவேற்க எழுதியிருக்கிறான். அண்ணாச்சியின் கணக்கை ச்ரூட்டில் அடைக்காமல் சாதாரண பேஷ் ஷெல்லோடு விட்டிருந்தோம். எஸ்எஃப்டிபி நிரலை அந்த ஷெல்தான் எழுப்பும், எழுப்பும்போது இந்தக் கோப்பையும் படிக்கும். உபுண்டு தரும் பேஷ்ஆர்சியின் தொடக்கத்திலேயே, மறுமுனையில் மனிதர் இல்லையென்றால் இத்தோடு திரும்பிப் போ என்று ஒரு நிபந்தனை உண்டு. இவன் அதற்கும் மேலே எழுதிவிட்டான்.

பையன் முகம் தொங்கிப்போய் வரியை அழிக்கப் போனான். வேண்டாம்டா என்று தடுத்து, வெட்டி, கோப்பின் கடைசியில் ஒட்டினேன். அண்ணாச்சியின் விலைப்பட்டியல் ஏறியது. ‘ஹலோ’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் 1214606444 என்று வந்திருக்கும், நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இப்போதும் அந்தச் சர்வருக்குள் நான் நுழைந்தால் வணக்கம் சொல்கிறது. ஃபைல்ஜில்லாவில் வரும் அண்ணாச்சியிடம் மட்டும் வாயைத் திறப்பதில்லை.