அனலாக் டிரம் மெஷின்: நான் கற்ற வரிசை

மின்சுற்றுகளால் டிரம் ஒலியை உண்டாக்கித் தாளமாக ஓட்டும் கருவிதான் அனலாக் டிரம் மெஷின். அதைக் கையில் எடுக்கும் பலரும் நேராகப் பேட்டர்னுக்கு, அதாவது தாளக் கட்டமைப்புக்குப் போய்விடுகிறார்கள். பதினாறு ஸ்டெப்களில் (சம இடைவெளியுள்ள கட்டங்களில்) எதில் கிக் (தாழ்ந்த பெரிய டிரம் அடி), எதில் ஸ்நேர் (கூர்மையான டிரம் அடி) என்று ஒரு படத்தைப் பார்த்துப் பொத்தான்களை நிரப்பினால் ஏதோ ஒரு தாளம் ஓடத்தான் செய்யும். நான் படித்த வரிசை வேறு. முதலில் ஒரே ஒரு ஒலி, அதன் குமிழ்கள். தாளம் அதற்குப் பிறகு. இந்தக் கருவியில் ஒலியும் தாளமும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதால் புதிதாக வருகிறவர்களுக்கும் இதே வரிசையைத்தான் சொல்வேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1980இல் ஜப்பானிய நிறுவனமான ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808இல் பதிவுசெய்த டிரம் ஒலி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மின்துடிப்பு பட்டதும் 50 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்ந்து, மெல்ல அடங்கும் சுற்றுதான் அதன் கிக். ஸ்நேரில் இரண்டு அதிர்வுச் சுற்றுகளோடு இரைச்சல் சேர்கிறது. 'ஸ்நாப்பி' குமிழ் அந்த இரைச்சலின் அளவைத்தான் கூட்டிக் குறைக்கிறது. ஹை-ஹாட்டும் (ஒன்றன்மேல் ஒன்றாக மூடித் திறக்கும் இரட்டைத் தட்டின் ஒலி) சிம்பலும் (உலோகத் தட்டின் ஒலி) ஆறு சதுர அலைகளை வடிகட்டிப் பெறப்படுபவை. 1983இல் வந்த டிஆர்-909இல் கிக்கும் ஸ்நேரும் அனலாக், ஹை-ஹாட்டும் சிம்பலும் டிஜிட்டல் பதிவுகள். இப்போது கடையில் கிடைக்கும் அனலாக் கருவிகள் பலவும் இந்த இரண்டின் வழிவந்தவை என்பதால், ஒன்றை ஒழுங்காகப் படித்தால் மற்றதில் கை தடுமாறாது.

முதல் பயிற்சி இதுதான். பேட்டர்னை முழுவதும் அழித்துவிட்டு, கிக்கைத் தேர்ந்தெடுத்து 1, 5, 9, 13 ஆகிய ஸ்டெப்களை மட்டும் அழுத்துங்கள். டெம்போ 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 பீட். நான்கு ஸ்டெப் ஒரு பீட். இந்த வேகத்தில் ஒரு ஸ்டெப் 125 மில்லி விநாடி, ஒரு கிக்குக்கும் அடுத்ததற்கும் இடையே அரை விநாடி. இப்போது ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை மாற்றும் டிகே குமிழைக் குறைந்த அளவிலிருந்து மெதுவாகக் கூட்டிக்கொண்டே போங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு அடியும் தனித்து நிற்கும். ஓர் இடத்துக்கு மேல் ஓர் அடியின் வால் அடுத்த அடியைத் தொடும். அதையும் தாண்டினால் அடிகள் கரைந்து அடியில் ஒரு முழக்கம் மட்டும் ஓடும். ஒரு ஸ்டெப்பைக்கூட நாம் மாற்றவில்லை, தாளம் மாறிவிட்டது. இனி டெம்போவை 90க்கு இறக்குங்கள். அடிகளுக்கு இடையே சுமார் 667 மில்லி விநாடி கிடைப்பதால், முன்பு குழம்பிய அதே டிகே இங்கே அழகாக உட்காரும். டெம்போவைத் தொட்டால் டிகேயையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது. இதை ஃபோன் ஸ்பீக்கரில் செய்யாதீர்கள். கிக்கின் வால் முழுக்கத் தாழ்ந்த அதிர்வெண். நல்ல ஹெட்ஃபோன் இல்லாமல் அது காதுக்கே வராது.

அடுத்தது ஹை-ஹாட். பெரும்பாலான கருவிகளில் மூடிய ஹாட் ஒலித்த உடனே திறந்த ஹாட் அறுபட்டுவிடும். திறந்ததை 15இல் வைத்து, மூடியதை 1இல் வைத்தால், திறந்த ஹாட் அதிகபட்சம் இரண்டு ஸ்டெப் நீளம்தான். 16இலும் ஒரு மூடிய ஹாட் வைத்தால் ஒரு ஸ்டெப்பாகச் சுருங்கும். ஒரு ஒலியின் நீளத்தை இன்னொரு ஒலி நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த சங்கதி இது.

பிறகு ஆக்சென்ட், அதாவது சில ஸ்டெப்களை மட்டும் உரக்க ஒலிக்கவைப்பது. மூடிய ஹாட்டைப் பதினாறு ஸ்டெப்பிலும் வைத்து, ஆக்சென்ட்டை 1, 5, 9, 13இல் போடுங்கள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு 3, 7, 11, 15க்கு நகர்த்துங்கள். பிறகு 1, 4, 7, 11, 13. அதே பதினாறு அடிகள் மூன்று வெவ்வேறு நடைகளாகக் கேட்கும். 808இல் ஆக்சென்ட் அந்த ஸ்டெப்பில் ஒலிக்கும் எல்லாவற்றுக்கும் பொது. ஸ்நேரை உயர்த்தப் போட்டால் அங்கே இருக்கும் ஹாட்டும் சேர்ந்து உயரும். வேண்டாம் என்றால் அந்த ஸ்டெப்பில் ஹாட்டை எடுத்துவிடுங்கள். அந்த வெற்றிடமே ஸ்நேரை இன்னும் முன்னால் கொண்டுவரும்.

இதற்குப் பிறகுதான் முழுப் பேட்டர்ன். பொத்தானைத் தொடும் முன் நான்கு முறை 'தகதிமி' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். பதினாறு ஸ்டெப்பும் அதில் அடங்கிவிடும். எந்த எழுத்தில் கிக் விழ வேண்டும் என்று வாய்க்குத் தெரிந்துவிட்டால் விரல் தேடாது. ஸ்நேர் 5, 13இல் நிலையாக இருக்கட்டும். கிக்கை 1, 11இல் மட்டும் வைத்துத் தொடங்குங்கள். நான்கு கிக்கை விட இந்த இரண்டு கிக் அதிகம் கற்றுக்கொடுக்கும். புதிதாக ஓர் அடி சேர்க்கும்போதெல்லாம் பழைய அடி ஒன்றை எடுத்தும் கேளுங்கள்.

ஷஃபிள் வசதி இல்லாத கருவியில் ஊசல் நடை வேண்டுமானால், ஸ்கேலை (ஒரு பீட்டில் எத்தனை ஸ்டெப் என்ற அமைப்பை) மும்மைக்கு மாற்றிக் கடைசி ஸ்டெப்பை 12 ஆக்குங்கள். ஒரு பீட்டுக்கு மூன்று ஸ்டெப். ஹாட்டை 1, 3, 4, 6, 7, 9, 10, 12இல் வைத்தால் போதும். ஒவ்வொரு ஒலிக்கும் தனி நீளம் தரும் புதிய கருவிகளில் ஹாட்டை 12 ஸ்டெப்புக்கும் கிக்கை 16க்கும் விட்டால், இரண்டும் 48 ஸ்டெப் கழித்துத்தான் மீண்டும் ஒன்றாகத் தொடங்கும். ஆனால் மேலே சொன்னவை கைவந்த பிறகே அங்கே போங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம். அனலாக் கருவி பேட்டர்னை நினைவில் வைக்கும். குமிழ்கள் எந்த நிலையில் இருந்தன என்பதைப் பொதுவாக வைக்காது. பதினாறு கட்டம் வரைந்து, ஓரத்தில் 'கிக் டிகே 2 மணி, ஸ்நாப்பி 10 மணி' என்று கடிகார முள் கணக்கில் குறித்துவையுங்கள். டெம்போவும் பக்கத்திலேயே இருக்கட்டும். அது இல்லாமல் டிகே குறிப்புக்குப் பொருளே இல்லை.

வேறு கருவியோடு சேர்த்து ஓட்டும்போது எது கடிகாரம் (வேகத்தைச் சொல்லும் துடிப்புகள்) தருகிறது, எது வாங்குகிறது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். மின்னணு இசைக்கருவிகளை இணைக்கும் மிடி முறையின் கிளாக்கும், ரோலண்டின் பழைய இணைப்பு முறையான டின் சிங்க்கும் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. சில சிறிய கருவிகளின் சிங்க் ஓட்டை இதைவிடக் குறைவான துடிப்பையே எதிர்பார்க்கும். டிரம் மெஷின் இருமடங்கு வேகத்திலோ பாதி வேகத்திலோ ஓடினால், பேட்டர்னில் தேடாமல் அந்த அமைப்பைப் பாருங்கள்.