எட்டு மணி டோக்கனும் மதியம் வரும் தூக்கமும்

குழந்தைகள் இதய ஓ.பி.யில் வரிசை எப்படி நகரும் என்பது பெரும்பாலும் பிள்ளைகளின் தூக்கத்தைப் பொறுத்தது. இதயத்தை ஸ்கேன் போலப் படம் பிடிக்கும் எக்கோ எடுக்கும்போது பிள்ளை அசையாமல் படுத்திருக்க வேண்டும். சில நேரம் அரை மணி நேரம்கூட ஆகும். கைக்குழந்தை என்றால் பாலூட்டி மடியில் போட்டதும் கண் செருகிவிடும். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள்தான் பாடாய்ப் படுத்துவார்கள். நெஞ்சில் ஜெல் பட்டதுமே அலறல். அவர்களுக்குத் தூக்க மருந்து சிரப் கொடுப்போம். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். தாய்ப்பால் குடித்து நாலு மணி நேரம், மாட்டுப்பாலோ சாப்பாடோ என்றால் ஆறு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் அம்மா, வழியில் பிள்ளை அழுகிறதே என்று இரண்டு பிஸ்கட் கொடுத்திருப்பார். டோக்கன் நம்பர் ஒன்றாகவே இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு மதியம்தான் எக்கோ.

நிர்வாகத்தில் ஒரு சமயம் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். டாக்டர் அறைக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டும் கம்ப்யூட்டரில் ஏறும். நிமிடங்கள் குறைந்தது உண்மைதான். ஆனால் வெளியே வந்தவர்கள் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்கள். "ஓட்டைன்னு சொன்னாங்களே சிஸ்டர், ஆபரேஷன் பண்ணணுமா?" "ஓடியாடி விளையாட விடலாமா?" "தடுப்பூசி போடலாமா?" உள்ளே மிச்சம் பிடித்ததெல்லாம் என் மேஜையில் செலவானது. அதைக் குறிக்கக் கம்ப்யூட்டரில் இடமில்லை.

இத்தனைக்கும் பல பெற்றோருக்குச் சொல்லவேண்டியது நல்ல செய்திதான். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சின்ன ஓட்டைகளில் நிறைய, வளர வளரத் தானாகவே மூடிக்கொள்ளும். எங்கள் டாக்டரம்மா ஒருவர் சீட்டின் பின்பக்கம் நாலு அறை வரைந்து, நடுச்சுவரில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். "இவ்வளவுதான். ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்." அவரிடம் காட்டிவிட்டு வந்தவர்கள் என் மேஜைப் பக்கமே வருவதில்லை. நிமிடக் கணக்கில் அவர் பெயர்தான் கடைசியில் இருந்தது என்பது வேறு விஷயம்.

வாசலில் கொடுக்கும் கருத்துப் படிவத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சிஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது யார் 'மோசம்' என்று டிக் அடிப்பார்? நிஜமான கருத்து பெஞ்சில்தான் கிடைக்கும். எட்டு வயதுப் பேத்தியோடு வந்த தாத்தா ஒருவர் சத்தம் போட்டார்: "வெறும் வயித்தோட வரச் சொன்னீங்க. இப்பத் தேவையில்லைங்கிறீங்க. ரெண்டு இட்லி குடுத்துக் கூட்டியாந்திருப்பேன்ல தாயி!" நியாயம்தானே! சொன்னால் அசையாமல் படுக்கும் வயது அவளுக்கு. எல்லோருக்கும் ஒரே அச்சடித்த தாளைக் கொடுத்ததால் வந்த வினை.

இப்போது முதல்நாள் சாயங்காலமே போன் போட்டு, வயதுக்குத் தகுந்தபடி கடைசியாக எப்போது ஊட்டலாம் என்று சொல்லிவிடுகிறோம். உதடும் நகமும் நீலம் பாய்ந்த பிள்ளைகளை நெடுநேரம் பட்டினி போடக்கூடாது. உடம்பில் நீர் குறைந்தால் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும் ரத்தம் இன்னும் கெட்டியாகிவிடும். அதனால் வந்ததும் காலில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து அவர்களைத்தான் முதலில் உள்ளே அனுப்புவோம். காரணத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் பெஞ்சில் ஒருவரும் முணுமுணுப்பதில்லை. டாக்டர் ஐ.சி.யு.வில் மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். "பதினொன்றரைக்கு மேலதான் வருவாங்க, டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரம் சண்டையில்லாமல் போகிறது.

போன மாதம் கணக்குத் தாளில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தார்கள்: டாக்டரைப் பார்த்த பிறகும் சந்தேகம் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று. நிரப்ப வேண்டியது நான். டாக்டர்கள் சிலர் போகிறபோக்கில் அந்தத் தாளை எட்டிப் பார்க்கிறார்கள்.