அஞ்சல் பெட்டியில் அப்பா பெயர்

ஆயுத பூஜையன்று காலையில் மண்டியில் படையல் முடிந்த கையோடு ஒட்டன்சத்திரத்திலிருந்து கிளம்பினேன். மறுநாள், அக்டோபர் 2, விஜயதசமி. பொழுது சாயும் நேரத்தில் பெர்லினில் இறங்கினேன். நல்ல நாளில் காலெடுத்து வைக்கிறாய் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நாள் நல்ல நாள்தான். ஆனால் அதற்கு அடுத்த நாள், இரண்டு ஜெர்மனிகளும் 1990-இல் ஒன்றிணைந்த நாளென்று நாடு முழுக்க விடுமுறை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பல் துலக்கிவிட்டுப் பால் வாங்கப் போனேன். ஒரு சூப்பர் மார்க்கெட் மூடியிருந்தது. அடுத்ததும் மூடியிருந்தது. கார்ல் மார்க்ஸ் தெரு நெடுக நடந்து திரும்பி வந்தபோது, அறைத்தோழி தன் ரொட்டியில் பாதியை வெட்டித் தட்டில் வைத்து நீட்டினாள். அம்மா கட்டித் தந்த புளிக்காய்ச்சலை அதில் தடவிச் சாப்பிட்டேன். இந்த நகரத்தில் என் முதல் சாப்பாடு அது.

பதினேழு வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு நான்கு வருடம் கோயம்புத்தூர் விடுதி, அதன்பின் வேலை பார்த்தபோதும் ஒரு மகளிர் விடுதிதான். எங்கும் மணி அடித்தால் சோறு. தண்ணீர் வரவில்லை என்றால் கவலைப்பட யாராவது இருப்பார்கள். இங்கே மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டில் ஓர் அறை எனக்கு. ஜன்னலுக்கு வெளியே ஓர் எலுமிச்சை நிற மரம். அது இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தது. இங்கே படிக்க வந்திருக்கிறேன், சுற்றுச்சூழல் பொறியியல். படிப்பைப் பற்றி வீட்டுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த ஒரு மாதத்தில் எனக்குள் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா மண்டியில் கணக்கு எழுதுகிறவர். முப்பது வருடமாக அதே நாற்காலி. பகல் முழுக்கச் சிட்டை போட்டு, இரவில் பேரேட்டில் ஏற்றுவார். நான் கிளம்பும்போது பெட்டியில் ஒரு நீளமான பேரேட்டை வைத்தார். சிவப்புத் துணி அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அவர் கையெழுத்தில் 'வரவு', 'செலவு' என்று இரண்டே சொற்கள். செல்போனில் கணக்குப் போட ஆயிரம் வழி இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பேரேடுதான் இந்த ஊரை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மாணவர்கள் விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்கும் பணத்திலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு இரண்டும் போனால் மிச்சம் மூன்றிலக்கத்தில் தொடக்கத்திலேயே நிற்கும். ஆறு மாதத்துக்குமான மாணவர் பயணச்சீட்டு 208.80 யூரோவைக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து முன்பே கட்டிவிட்டதால் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கவலை இல்லை. மற்ற எல்லாவற்றையும் நூறால் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் முதல் இரண்டு வாரம் போகவில்லை. ஒரு காப்பியை முந்நூற்றைம்பது ரூபாய் என்று மனதுக்குள் வாசித்துவிட்டு வைத்துவிட்டு வருவேன்.

பத்தாம் நாள் கணக்கு உதைத்தது. ரசீதுகளை விரித்துவைத்து இரண்டு முறை கூட்டினேன். பலகையில் போட்டிருந்த விலைகளின்படி எழுதியதற்கும் கையில் இருந்ததற்கும் 3 யூரோ 25 சென்ட் வித்தியாசம். அப்பாவுக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வராது; எனக்கும் அன்று வரவில்லை. அறைத்தோழியிடம் ரசீதைக் காட்டியபோது அவள் ஒரு வரியின்மேல் விரல் வைத்தாள். 'ஃபான்ட்'. பாட்டிலுக்கான பிணைத்தொகை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், அலமாரியில் போட்டிருக்கும் விலையோடு அது சேராது, ரசீதில்தான் ஏறும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கப் பயந்து நான் பத்து நாளில் வாங்கிய பாட்டில்கள் பதின்மூன்று. நல்லவேளை, எறியாமல் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தேன். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம் என்றும் அவள் சொன்னாள். கெட்டிலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது, அவ்வளவுதான்.

பதின்மூன்று பாட்டிலையும் பையில் போட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சுவரில் ஒரு வட்டமான வாய். ஒவ்வொன்றாக உள்ளே தள்ள, உருட்டிப் பார்த்து விழுங்கிக்கொள்கிறது. கடைசியில் ஒரு பொத்தான். அழுத்தினால் சீட்டு வருகிறது: 3,25. இவர்கள் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுகிறார்கள். அன்று இரவு பேரேட்டின் வரவுப் பக்கத்தில் என் கையால் முதல் வரியை எழுதினேன். முடக்கிய பணம் அப்பா வாங்கிய கடன். இந்த மூன்றேகால் யூரோவை நானே மீட்டேன் என்று தோன்றியது. அந்தச் சீட்டின் படத்தை அவருக்கு அனுப்பினேன்.

பாட்டில் கணக்கு தீர்ந்த இடத்தில் பெயர்க் கணக்கு தொடங்கியது. வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், ரகசிய எண் இன்னொரு கடிதத்தில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டும் வரவில்லை. முகவரி சரிதானா என்று நாலு தடவை பார்த்தேன். சரிதான். கேட்டபோது, கடிதம் திரும்பிவிட்டது என்றார்கள். எங்கள் கட்டடத்தில் இருபது வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றுக்கும் கதவு எண் கிடையாது. தெருவின் பெயர், கட்டடத்தின் எண், அதற்குப் பிறகு ஆளின் பெயர். அழைப்புமணிப் பலகையிலும் பெட்டியிலும் அந்தப் பெயர் இருந்தால்தான் தபால்காரர் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லாத ஆள் அங்கே குடியிருக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டுப் பெட்டியில் மற்ற இருவர் பெயர் இருந்தது. நான் பத்து நாளாக அங்கே படுத்து எழுந்துகொண்டிருந்தும், நகரத்தைப் பொறுத்தவரை இல்லாமல் இருந்தேன்.

ஒரு துண்டுத் தாளை வெட்டிக் கறுப்பு மையில் என் பெயரை எழுதினேன். ஒட்டப் போகும்போது அறைத்தோழி தடுத்தாள். முதல் பெயர் இங்கே யாருக்கும் வேண்டாம், குடும்பப் பெயரை எழுது என்றாள். பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது: சுப்பிரமணியன். ஊரில் என் பெயருக்கு முன்னால் 'சு' என்று ஒற்றை எழுத்தாக நின்றவர், இங்கே ரோமன் எழுத்தில் பதினோரு எழுத்தாக விரிந்துவிட்டார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அதை எழுதி ஒட்டினேன்.

அன்று முதல் எங்கு போனாலும் நான் 'ஃப்ராவ் சுப்பிரமணியன்', அதாவது சுப்பிரமணியன் அம்மையார். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆனால் அதற்கு அலுவலகத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பது பெரும்பாடு. விடியற்காலையில் எழுந்து கணினிமுன் உட்கார்ந்து, நகரின் மறு ஓரத்தில் ஓர் அலுவலகத்தில் இடம் பிடித்தேன். அங்கே இருந்த அம்மையார் படிவத்தைப் பார்த்து, ஒவ்வோர் அசையாக, தவறிவிடக் கூடாது என்ற கவனத்தோடு அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். எழுந்து நிற்க எனக்கு ஒரு நொடி ஆயிற்று. மண்டியில் மூட்டைக்காரர்கள் 'கணக்கர்' என்று கூப்பிடுகிற, அம்மா 'என்னங்க' என்று கூப்பிடுகிற, தாத்தா போன பிறகு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிதரின் பெயர். அது அந்தக் கூடத்தில் அவ்வளவு மரியாதையாக ஒலித்தது.

வகுப்பில் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒருத்தி, அப்படியானால் உன் அப்பாவின் குடும்பப் பெயரும் சுப்பிரமணியன்தானே என்று கேட்டாள். இல்லை என்றேன். அவருக்கு முன்னால் 'ப', அது தாத்தா பழனியப்பன். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் ஓர் எழுத்து, பின் ஓர் எழுத்து. எனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு வேறு எழுத்து. ஒரே வீட்டில் ஆளுக்கொரு முதலெழுத்து என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியம். பக்கத்தில் இருந்த வட இந்திய மாணவர் விடவில்லை. அதெல்லாம் சரி, உண்மையான குடும்பப் பெயர் என்ன என்றார். அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. செங்கல்பட்டில் 1929-இல் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன் என் பூட்டனார்கள் என்ன வால் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, வீட்டில் சொல்லித்தரவும் இல்லை. இதுதான் உண்மையான பெயர் என்று சொன்னேன். வருவதற்கு முன் அப்பாவின் பெயரைப் படிவத்தில் நிரப்பும்போது அலுப்பாக இருந்தது. அன்று அது கையில் பிடிக்க ஒரு கோல் போல இருந்தது.

தீபாவளி திங்கட்கிழமை வந்தது. வகுப்பு இருந்தது, போனேன். அதைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. மாவு புளிக்காததைப் பற்றி வேண்டுமானால் எழுதலாம். அக்டோபர் குளிரில் இரண்டு நாள் வைத்தும் மாவு அசையவில்லை. மூன்றாம் நாள் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, ஜன்னலுக்குக் கீழே இருக்கும் வெந்நீர்க் கணப்பின்மேல் வைத்தேன். காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. முதல் தோசையை ரொட்டி தந்த அறைத்தோழிக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று அதிகாலை மூன்று மணியை இரண்டு மணியாகத் திருப்பி வைத்தார்கள். கந்தசஷ்டி வாரம் என்பதால் கோயிலுக்குப் போக நினைத்திருந்தேன். என் இடத்திலிருந்து சுரங்க ரயிலில் மூன்றாவது நிறுத்தம் பிளாஷ்கோஅலே. அங்கே 2013-இல் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. செருப்பைக் கழற்றிக் குளிர்ந்த தரையில் கால் வைத்ததும் எண்ணெய்த் திரியின் வாசம். தமிழ் சுற்றிலும் கேட்டது, எங்கள் ஊர்த் தமிழ் அல்லாத தமிழ். அர்ச்சனைச் சீட்டோடு வரிசையில் நின்றேன். ஐயர் குனிந்து, பெயர் என்ன என்று கேட்டார். இரண்டு வாரப் பழக்கத்தில் 'சுப்பிரமணியன்' என்று வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "சுவாமி பெயருக்கா?" என்றார். திருத்த வாயெடுத்தேன். பிறகு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிரசாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு வயதான அம்மா. "நீர் எந்த இடம், பிள்ளை? இந்தியாவோ?" என்று தொடங்கினார். அவர் வந்தது எண்பதுகளில். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் பிடித்து, எல்லையைக் கடந்து மேற்கு பெர்லினுக்கு வந்தார்களாம். ஒரு பை, இரண்டு சேலை. மொழி தெரியாது, போன இடத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரியாது. நான் விசாவும் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமும் வைத்துக்கொண்டு பாலுக்குக் கடை கடையாகத் தேடியதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பெயர்க் கதையை மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அகதிப் பதிவில் அவருடைய கணவரின் தகப்பனார் பெயர்தான் குடும்பப் பெயராக விழுந்ததாம். "சாவகச்சேரியை விட்டு வெளிக்கிடாத மனுசன். இப்போது அவர் பெயர் பேர்த்தியின் பள்ளிக்கூடப் பையில் ஒட்டியிருக்கிறது," என்றார். அந்தப் பேர்த்தி எங்களுக்கு எதிரே உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

வெளியே வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கினேன். ஐந்து மணிக்கே தெரு விளக்கு எரிந்தது. போன் அடித்தது. தினமும் ஆறு மணிக்கு வரும் அழைப்பு ஒரு மணி முன்னால் வந்திருந்தது. ஊரில் வழக்கம்போல் இரவு ஒன்பதரை. நேர வித்தியாசம் இனி மூன்றரை மணி இல்லை, நாலரை மணி என்று அப்பாவுக்கு விளக்கினேன். "ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டாயா?" என்றார். மார்ச் மாதம் திரும்பவும் கிட்டே வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அஞ்சல் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பினேன். இத்தனை நாள் ஏன் அனுப்பத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அவர் உடனே திரும்ப அழைத்தார். முதலில் எதுவும் பேசவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டும் சத்தம் கேட்டது. பெயரை ஓர் ஓர் எழுத்தாக வாசித்தார். எழுத்து தெளிவாக இருக்கிறது என்றார். பிறகு, "முன்னால் 'ப' போடவில்லையே, கண்ணு?" என்று கேட்டார்.

மறுநாள் வகுப்புக்குக் கிளம்பும்போது பேனாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். தாளின் இடது ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. தமிழிலேயே எழுதினேன்.