தூக்கத்தில் மென்ற தாடை

காலையில் எழும்போதெல்லாம் காதுக்கு முன்னால் உள்ள தசை கல்லாக இறுகிக் கிடக்கும். வாயைத் திறந்தாலே வலி. பல் மருத்துவர், தேய்ந்துபோன கடைவாய்ப் பற்களைக் கண்ணாடியில் காட்டி, "தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள்" என்றார். எல்லாம் மன அழுத்தம், நான்தான் சரியில்லை என்று பல மாதம் என்னையே நொந்துகொண்டேன்.

அப்புறம் நரம்பியல் மருத்துவரிடம் போனேன். வாயைப் பாதி திறந்து தளர்வாக வைக்கச் சொன்னார். மோவாயில் தன் விரலை வைத்து, அதன்மேல் சின்னச் சுத்தியலால் தட்டினார். தாடை லேசாக மேலே துள்ளியது. இழுபட்ட தசையிலிருந்து கிளம்பும் செய்தி, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டுக்குப் போய், ஒரே ஒரு நரம்பிணைப்பைத் தாண்டி அதே தசைக்குத் திரும்புகிறதாம். தொடு உணர்வைக் கொண்டுவரும் நரம்பணுக்கள் பொதுவாக மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே முடிச்சுகளில்தான் இருக்கும். தாடைத் தசை இழுபடுவதை உணரும் அணுக்களோ மூளைத்தண்டுக்குள்ளேயே இருக்கின்றன. இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

என் துள்ளல் இயல்பாக இருந்தது. சரி, ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்துவிடலாம் என்றார். கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் எலக்ட்ரோடுகளை ஒட்டினார்கள். இத்தனை ஒயர்களோடு எங்கே தூங்குவது என்று பயந்தேன், ஆனால் தூங்கிவிட்டேன்.

மறுநாள் வரைபடத்தைக் காட்டினார்கள். கன்னத் தசை ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை இறுகித் தளர்ந்திருந்தது. விழித்திருக்கும்போது மெல்லும் அதே தாளம்! அதற்குச் சற்று முன்பே இதயத் துடிப்பு ஏறி, மூளை அலைகள் சில நொடிகள் விழிப்பின் பக்கம் நகர்ந்திருந்தன.

மெல்லும் தாளத்தை உண்டாக்கும் நரம்பு வலை மூளைத்தண்டில்தான் இருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். 1971இல் டெல்லோ, லண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முயல்களின் தசைகளை மருந்தால் செயலிழக்கச் செய்தார்கள். தாடை அசையவே இல்லை, ஆனாலும் தாடை நரம்புகளில் அந்தத் தாளம் ஓடியது. பெருமூளை அதைத் தொடங்கி வைக்கலாம், நிறுத்தலாம். பல்லிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் உணர்வு, எவ்வளவு அழுத்திக் கடிப்பது என்பதைத் திருத்துகிறது. தாளம் மட்டும் மூளைத்தண்டுக்குச் சொந்தம்.

அன்றோடு என்னை நானே குற்றம் சொல்வதை விட்டேன். இப்போது இரவில் பற்களுக்குக் காப்புறை போட்டுக்கொள்கிறேன். தாடை இன்னமும் சில இரவுகளில் மென்றுகொண்டுதான் இருக்கிறது, பற்கள் மட்டும் மேலும் தேயவில்லை.