எங்களுக்கு மட்டும் திறந்த அகப்பக்கம்

மலேசியாவின் செபராங் பிறையிலும் கெடாவின் தென்பகுதியிலும் இருந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களையும் வகுப்புப் படங்களையும் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நெடுங்காலமாகச் சேர்த்து வந்தார். அவற்றை வருடி எடுத்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்து, எவரும் தேடிக் காணும்படி ஓர் அகப்பக்கமாக அமைத்துக் கொடுத்தது என் பங்கு. பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் வேலை முடிந்ததும் பாலத்தைக் கடந்து அவர் வீட்டுக்குப் போய், இரவு பத்து மணி வரை இருவரும் பெயர்களைச் சரிபார்ப்போம். தாத்தாவின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ கூகுளில் தட்டுகிறவருக்கு அந்தப் படம் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

சென்ற ஆண்டின் பிற்பகுதியில் அந்தத் தேடல்கள் வெறுமையாகத் திரும்பத் தொடங்கின. எங்கள் முகவரிக்கு முன்னால் ‘சைட்’ என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டுத் தேடியபோது, முன்பு நூற்றுக்கணக்கில் வந்த பக்கங்களில் ஏழெட்டுதான் மிஞ்சியிருந்தன. அகப்பக்கமோ எங்கள் கைப்பேசிகளிலும் ஆசிரியரின் கணினியிலும் நொடியில் திறந்தது.

ஒரு தளம் தேடலில் எந்த நிலையில் இருக்கிறது என்று அதன் உரிமையாளருக்குக் கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தபோது, எந்தப் பக்கங்களைப் படிக்கலாம், எவற்றைப் படிக்கக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் பெற முடியவில்லை என்ற செய்தி சிவப்பில் நின்றது. அந்தக் கோப்பில்தான் பிழை என்று நான் எடுத்துக்கொண்டேன். மூன்று மாலைகள் அதைத் திருத்தினேன். தடை வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். இறுதியில் எல்லாவற்றையும் அனுமதிக்கும் இரண்டே வரிகளாக அதைக் குறைத்தேன். செய்தி மாறவில்லை. அது கோப்பின் உள்ளடக்கத்தைக் குறை கூறவே இல்லை என்பது எனக்குத் தாமதமாகவே விளங்கியது. தேடுபொறிக்காகப் பக்கங்களைப் படித்துச் செல்லும் நிரல்தான் கிராலர். நற்பெயருள்ள எந்தக் கிராலரும் ஒரு தளத்துக்கு வந்ததும் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான். ஆகவே தளத்தை அடையும் வழி எங்கே அடைபட்டிருந்தாலும், பழி முதலில் அந்தக் கோப்பின் மீதே விழும்.

1994-இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்மொழிந்து, பிறகு வெகுகாலம் முறைப்படுத்தப்படாத வழக்கமாகவே நிலவி, 2022-இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற இணைய நெறி ஆவணமாக முறையான விதியான ஏற்பாடு இது. அந்த விதியில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. கோப்பு இல்லை என்று சர்வர் 404 விடை தந்தால், தடை எதுவும் இல்லை என்று கிராலர் எடுத்துக்கொண்டு உள்ளே வரலாம். சர்வர் 500 வரிசையில் பிழை தந்தாலோ விடையே வராமற்போனாலோ, தளம் முழுவதும் தடுக்கப்பட்டதாகவே அது கருத வேண்டும். கோப்பே இல்லாதிருப்பதைவிடக் கோப்பை எட்ட முடியாதிருப்பது மோசமானது என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் உரிமையாளர் எதைத் தடுத்திருக்கிறார் என்று தெரியாத நிலையில் வெளியே நிற்பதுதான் மரியாதை. கூகுளும் இத்தகைய நிலையில் முதல் 12 மணி நேரம் தளத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் கோப்பை மட்டும் மீண்டும் மீண்டும் கேட்டுப் பார்க்கிறது.

அடுத்ததாக, கூகுளின் கிராலரான கூகுள்பாட்டின் பெயரைப் பூண்டு, உலாவி இல்லாமலே பக்கத்தைக் கேட்க உதவும் கர்ல் கட்டளையால் வீட்டிலிருந்து தளத்தைக் கேட்டேன். 200 என்ற விடையோடு பக்கம் முழுமையாக வந்தது. சர்வர் கூகுள்பாட்டைத் தடுக்கவில்லை என்று அன்றிரவு ஆசிரியரிடம் உறுதியாகச் சொன்னேன். அது தவறான முடிவு. அந்தச் சோதனை, பெயரைப் பார்த்துத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்பதை மட்டுமே காட்டும். அழைப்பு எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் கணினியைக் குறிக்கும் எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று பார்த்துத் தடுக்கும் விதியைப் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு ஒருபோதும் காண இயலாது.

திசையைக் காட்டியது, வரும் அழைப்புகளை வரிவரியாகக் குறித்துவைக்கும் சர்வரின் பதிவுக்கோப்புதான். இத்தகைய சிக்கலில் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்று இப்போது எண்ணுகிறேன். குறிப்பிட்ட ஒரு நாள் வரை 66.249 என்று தொடங்கும் கூகுள்பாட்டின் முகவரிகள் நாள்தோறும் இருந்தன. மறுநாளிலிருந்து ஒன்றுகூட இல்லை. 403, 503 போன்ற மறுப்பு வரிகளும் இல்லை. மறுப்பு பதிவாகியிருந்தால், அழைப்பு சர்வரின் மென்பொருள் வரை வந்து திருப்பி அனுப்பப்பட்டது என்று பொருள். எதுவுமே பதிவாகவில்லை என்றால், அழைப்பு அந்த மென்பொருளை எட்டும் முன்பே எங்கோ விழுங்கப்பட்டிருக்கிறது. என் கோப்புகளிலும் அமைப்புகளிலும் இனித் தேடுவது வீண் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பதிவை இன்னும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தபோது, காணாமற்போனவை கிராலர்கள் மட்டும் அல்ல என்பதையும் கண்டேன். அந்த நாளுக்குப் பிறகு வந்த முகவரிகள் எல்லாமே மலேசியாவைச் சேர்ந்தவை. இதை ஆசிரியரிடம் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி, கோயம்புத்தூரில் இருக்கிற என் சித்தப்பா மகன் போன மாதமே சொன்னார், பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கவில்லை என்று” என்றார். ஆசிரியர் என்னிடம் அன்றே சொல்லியிருந்தார் என்பதும், அண்ணனின் கைப்பேசி பழையதாக இருக்கும் ஐயா என்று நான்தான் விடை சொல்லி அனுப்பினேன் என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தன.

அதன்பின் செய்தவை விரைவில் முடிந்தன. சிங்கப்பூரில் வேலை செய்யும் நண்பரையும், அமெரிக்காவில் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் சர்வரையும் கொண்டு சோதித்தேன். இரண்டு இடங்களிலும், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சரியான முகவரியைத் தந்தது. ஆகவே பெயரில் குறை இல்லை. இணைப்பு கோரியபோது மறுப்பும் வரவில்லை, விடையும் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து நேரம் கடந்துபோனது. இணைப்பு உடனே மறுக்கப்பட்டால் பெரும்பாலும் அங்கே அந்தச் சேவை ஓடவில்லை என்று கொள்ளலாம். சேவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஓசையின்றி நேரம் கடந்தால், இடையில் ஒரு ஃபயர்வால், அதாவது தடுப்பு அரண், வரும் தரவுப் பொட்டலங்களைக் கீழே போட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்தே வருகிறது. அமெரிக்கா மட்டும் தடுக்கப்பட்டிருந்தால் வேறு நாட்டு முகவரியிலிருந்து அது முயன்று பார்க்கக்கூடும். மலேசியாவைத் தவிர உலகம் முழுவதும் தடுக்கப்பட்டிருந்தால் அதற்கும் வழி இல்லை.

எங்களுக்குச் சர்வர் இடம் தரும் நிறுவனத்துக்கு முன்பே இரண்டு முறை எழுதியிருந்தேன். எங்கள் பக்கம் குறை இல்லை, தளம் நன்றாகத் திறக்கிறது என்பதே விடை. அவர்களும் மலேசியாவுக்குள் இருந்துதானே திறந்து பார்த்திருப்பார்கள். மூன்றாம் முறை வெளிநாட்டுச் சோதனைகளின் நேரத்தையும் முகவரியையும், பதிவில் வெளிநாட்டு முகவரிகள் நின்றுபோன நாளையும் இணைத்து அனுப்பினேன். அன்று பிற்பகலே உண்மை வந்தது: கடவுச்சொல்லை ஊகித்து நுழையும் முயற்சிகள் பெருகியதால், பொது ஃபயர்வாலில் வெளிநாட்டு முகவரிகள் அனைத்தையும் அடைத்திருக்கிறார்கள். தாக்குதலைத் தடுக்க வேண்டிய அவர்களின் நெருக்கடியை நான் மதிக்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் எவருக்கும் ஒரு வரி அறிவிப்புகூட அனுப்பாமல் அதைச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கூகுள்பாட்டின் முகவரிகளைத் தந்தால் அவற்றை மட்டும் அனுமதிப்பதாக அவர்கள் முன்வந்தார்கள். கூகுள் அந்தப் பட்டியலைத் தானே வெளியிடுகிறது. பிங் தேடுபொறியும் வெளியிடுகிறது. பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துபோனால் சில மாதங்களில் இதே நோய் திரும்பும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது: தேடுபொறி எங்களைக் கண்டுபிடித்துக் காட்டினாலும், தமிழ்நாட்டிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து சொடுக்குகிற பேரனுக்குப் பக்கம் திறக்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின் கிளம்பிச் சென்றவர்களின் பிள்ளைகளுக்காகவே ஆசிரியர் இந்த வேலையைத் தொடங்கினார். ஆகவே நாட்டுத் தடையை எங்கள் தளத்துக்கு முழுவதும் நீக்கச் சொன்னேன். அதற்கு ஈடாக, உள்நுழையும் பக்கத்தை மட்டும் குறிப்பிட்ட முகவரிகளுக்கு ஒதுக்கி, தவறான முயற்சிகள் சில முறை நிகழ்ந்ததும் அந்த முகவரியைச் சிறிது காலம் பூட்டும்படி அமைத்தேன். நுழைய முயல்கிறவர் தட்டுவது அந்த ஒரு கதவைத்தான். அதற்காக ஊருக்குள் வரும் சாலையையே மறிக்க வேண்டியதில்லை.

தடை நீங்கியதும் கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வந்தவற்றில் போலிகளும் இருந்தன. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பூணலாம் என்பதை நானே செய்து பார்த்தவன். ஐபி முகவரிக்கு உரிய பெயரை டிஎன்எஸ்ஸில் திருப்பித் தேடினால் அது கூகுள்பாட்டின் களப்பெயரில் முடிய வேண்டும். கிடைத்த பெயரை மறுபடி நேராகத் தேடினால் அதே முகவரிக்கே திரும்ப வேண்டும். முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது போதாது. ஏனென்றால் தன் முகவரிக்குத் திருப்பிய பெயராக எதையும் எழுதிவைக்க அதன் உரிமையாளரால் முடியும். கூகுளின் களப்பெயரை அந்த முகவரிக்குத் திருப்ப அவரால் முடியாது.

சர்ச் கன்சோலில் ரோபோட்ஸ் கோப்பை மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி கோரினேன். மறுநாள் காலை பதிவில் 66.249 வந்திருந்தது. முதலில் அந்தச் சிறு கோப்பு, அடுத்து முகப்பு, சற்றுப் பொறுத்து வகுப்புப் படங்களின் பக்கங்கள் என்று வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. தேடலில் பக்கங்கள் திரும்பி வரப் பல வாரங்கள் பிடித்தன. படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் இன்னும் தட்டச்சு செய்யப்படாத பக்கங்கள் இப்போதும் தேடலில் சிக்குவதில்லை. அவற்றுக்கு எங்கள் மாலைகள் இன்னும் வேண்டும்.

அன்று மாலை ஆசிரியர் கோயம்புத்தூருக்கு அழைத்து, பக்கத்தை மறுபடி திறந்து பார்க்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் அண்ணனின் குரல் கேட்டது. திறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்கும் சிறுவனின் பெயரை நாங்கள் தவறாக எழுதியிருப்பதாகச் சொன்னார். ஆசிரியர் பேனாவை எடுத்தார்.