எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது?

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு – எழும்பூர்

இந்த மாதத்து ஓய்வு நாட்களைச் சென்னையின் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் ஒதுக்குவது என்று முடிவு செய்து, முதலில் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போனேன். திருவாலங்காட்டு நடராசர் முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். கோயிலில் உற்சவர் பட்டும் மாலையுமாக, தீபாராதனை வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரியும்படி காட்சி தருவார்; இங்கோ தூக்கிய திருவடியின் வளைவும் ஊன்றிய காலின் முழங்கால் மடிப்பும்கூடக் கண்ணுக்குக் கிடைக்கின்றன. மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றிய ஸ்தபதி, துணிக்குள் மறையப்போகும் இடுப்பையும் இத்தனை கவனத்தோடு செய்திருக்கிறார் என்பது அருகில் நின்றால்தான் புரிகிறது.

பிரெஞ்சுச் சிற்பி ரோதின் இந்த நடராசரைப் பற்றி எழுதியது, அவர் மறைந்த பிறகு 1921இல் அச்சேறியது. அவர் சிலையை நேரில் பார்த்ததில்லை; புகைப்படங்களைப் பார்த்தே எழுதினார். பேருந்து ஏறினால் வந்துவிடக்கூடிய ஊரில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் இரண்டாவது முறையாகத்தான் வருகிறேன் என்பது மனத்தை உறுத்தியது.

10 ஆகஸ்ட், சனி – ஈஞ்சம்பாக்கம்

சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருட்களையும் விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் இங்கே குடியேறினார்கள். ஓவியம் விற்காத மாதத்திலும் அடுப்பு எரிய வேண்டும், அதே சமயம் வாங்குபவருக்காக வரையவும் கூடாது என்ற பிடிவாதத்தை அவர்கள் இப்படிக் காப்பாற்றிக்கொண்டார்கள். நான் மிகவும் மதிக்கும் பிடிவாதம் அது.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்கள் தூரத்திலிருந்து பழைய ஜாதகக் கட்டைப் போலவே தெரியும். கட்டங்கள், எண்கள், நெருக்கமான எழுத்து வரிகள். படித்துவிடலாம் என்று ஆசையோடு கிட்டப்போனால் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, சொல்லாக மாறுவதில்லை. படிக்கும் பழக்கம் மெல்ல விட்டுப்போய், கண் வெறும் கோட்டின் ஓட்டத்தைத் தொடர ஆரம்பிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்கள் கேட்பது வேறு. செப்புத் தகட்டைத் தட்டி எழுப்பி, கம்பியைக் கோடாக வைத்துப் பற்றவைத்த உருவங்கள் அவை. நேர் எதிரே நின்று பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. கவசம் சாத்திய மூலவர் நினைவுக்கு வந்தார். சென்ற வாரம் நடராசரைப் பக்கவாட்டில் போய்ப் பார்த்த பழக்கத்தில் இவற்றையும் ஓரத்திலிருந்து பார்க்க முயன்று, பிறகு நடுவுக்கே வந்து நின்றேன்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

மாலையில் நகரின் நடுவே ஒரு தனியார் கூடத்தில் நிறுவல் கலைக் கண்காட்சி. எந்தக் கூடம் என்பது இங்கே தேவையில்லை. இருட்டறையில் கூரையிலிருந்து தறி நூல்கள் தொங்கின. உள்ளே நுழைந்து, நூல் தோளில் படப் படத்தான் நடக்க வேண்டும். அருமையான வேலை. ஆனால் விளக்க அட்டையில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. தம் மகளோடு வந்திருந்த ஒரு பெரியவர் அட்டையைப் பார்த்துவிட்டு, நூலைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுகொண்டார். "உள்ளே வரலாம் ஐயா, தொட்டாலும் தப்பில்லை" என்று சொல்லி அழைத்துப் போனேன். நூலை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, "நல்ல முறுக்கு" என்றார். அந்த அறைக்குள் அதைச் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரை வாசலில் நிறுத்திவைக்க ஓர் அட்டை போதுமாக இருந்தது என்பதை நினைக்க நினைக்கக் கோபம் வருகிறது.

18 ஆகஸ்ட், ஞாயிறு – கண்ணகி நகர்

கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்களை 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்தவர்கள் பலர். 2020இல், பொது இடங்களில் ஓவியங்கள் வரையச் செய்யும் ஸ்டார்ட் (St+art) இந்தியா அறக்கட்டளையின் முயற்சியில் இங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரத் தொடங்கின. ஏ-கில் என்ற பெயரில் வரையும் சென்னைக் கலைஞர் குழந்தைகளின் முகங்களை மாடி உயரத்துக்கு வரைந்தார்.

காரை எப்படிப் பிடித்திருக்கிறது, வண்ணம் எங்கே உதிர்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் ஒரு சுவரை ஒட்டிப்போய் நின்றேன். உப்புப் பூத்த இடத்தில் வண்ணம் அப்பளம் போலப் பொரிந்து, அதன் கீழே பழைய சுண்ணாம்பு தெரிந்தது. கழிவுநீர்க் குழாயின் மேலும் வண்ணம் விடாமல் ஏறியிருந்தது. தூரிகை வேலையா தெளிப்பானா என்று விரலால் தடவிக்கொண்டிருந்தபோது, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா குரல் கொடுத்தார்: "அங்க நின்னா இன்னா தெரியும்மா? அந்த டீக்கடையாண்ட போய் நில்லு, அப்பத்தான் மூஞ்சி முழுசா தெரியும்."

போய் நின்றேன். கன்னம் கன்னமாயிற்று, கண் கண்ணாயிற்று. அவர் நின்ற சன்னல் புருவத்துக்குச் சற்று மேலே இருந்தது. காயப்போட்ட சிவப்புப் புடவை நெற்றியில் அசைந்தது. எங்கே நின்றால் முகம் முழுதாகத் தெரியும் என்பது அவருக்கு அளந்து வைத்தது போலத் தெரிந்திருக்கிறது.

சுவருக்கு வண்ணம் பூசிவிட்டால் குறைகள் தீர்ந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். நகரத்திலிருந்து இத்தனை தொலைவில் கொண்டுவந்து விட்டதை எந்த ஓவியமும் சரிசெய்யாது. ஆனால் எந்த ஊரின் பெயரைச் சொல்ல மக்கள் தயங்கினார்களோ, அந்த ஊரைத் தேடி இன்று வெளியார் வருகிறார்கள், வந்தவர்களுக்கு அங்கிருப்பவரே நிற்குமிடம் காட்டுகிறார். அதைச் சிறிய விஷயமாக என்னால் எண்ண முடியவில்லை.

24 ஆகஸ்ட், சனி – இந்திரா நகர்

பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவர் முழுக்க மனித முகங்கள். ஏ-கில்லும் கத்ரா என்ற இன்னொரு கலைஞரும் 2021இல் முடித்தது, எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களை ஒதுக்கிவைக்கும் வழக்கத்துக்கு எதிரானது. யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. பழைய மகாபலிபுரம் சாலையில் போகும் பேருந்துச் சன்னலிலிருந்து சில விநாடிகள்தான் இது தெரியும், ஆகவே இரண்டு முறை பேருந்திலேயே கடந்து பார்த்தேன்.

1 செப்டம்பர், ஞாயிறு – மெரினா

உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. அவர்தான் சென்னைக் கலைப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவர். பணிக்கர் அவரிடம் படித்து, 1957இல் அவருக்குப் பின் அந்தப் பள்ளியின் முதல்வரானவர். பாறையை நெம்பும் நால்வரையும் நான் இதுவரை சாலையிலிருந்தே பார்த்திருக்கிறேன். இன்று காலை ஆறு மணிக்கு, நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்வதற்கு முன் வந்து, நாலு பக்கமும் மெதுவாகச் சுற்றினேன். எழும்பூரில் நடராசர் முழங்காலைப் பார்த்தது போலவே இவர்களுடைய கெண்டைக்காலையும் விலாவையும் பார்த்தேன். கடல் பக்கமாக வந்தபோது வெயில் ஏறி, பாறையோடு போராடும் முதுகுகளில் முதுகெலும்புப் பள்ளம் மட்டும் நிழலாக நின்றது. மீன்கூடையோடு போன ஒருவர் நான் எதைப் பார்க்கிறேன் என்று திரும்பிப் பார்த்து, தாமும் சற்று நேரம் நின்றார்.